மேற்கு பார்த்த விளக்கு

ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே வாகன நிறுத்துமிடம்.
ஆறாம் தளம், கூரை கிடையாது.
வேலை முடிந்து நான் திரும்பும் நேரத்தில்
கீழே எங்கேயும் இடமிருக்காது.
பத்து வருஷமாக அதே மூலை,
மேற்கே மூஞ்சியை நீட்டியபடி.

இடப்பக்க விளக்குக்கு மின்தூக்கி அறையின் நிழல் கிடைத்தது.
வலப்பக்கத்துக்குக் கிடைக்கவில்லை.
ஒரே ஆலை, ஒரே அச்சு, ஒரே நாளில் பிறந்தவை.
இது லேசாகப் புகைந்திருக்கிறது.
அது, நேற்று வைத்து மறந்த தேத்தண்ணி.

பல்பை மாற்றினேன். இரண்டு முறை.
வெளிச்சம் உள்ளேயே சுற்றிச் சுற்றி நின்றது,
விஷயம் தெரிந்தும் வாய் வராதவன் மாதிரி.
சாங்கி சரக்குக் கிடங்கில் எனக்கு இரவு வேலை.
மழை நாளில் தெம்பனிஸ் விரைவுச்சாலையில்
தடக்கோட்டை நான் பார்த்து ஓட்டவில்லை,
ஞாபகத்தில் ஓட்டினேன்.

சான்றிதழ் முடிந்தபோது, கொடுத்துவிடலாம் என்றார் சதாசிவம்.
நான் என் சேமிப்பைப் போட்டு
ஐந்து வருஷம் நீட்டித்தேன்.
அதற்குமேல் நீட்ட முடியாது.
அன்றிலிருந்து அது "உன் கார்".

பற்பசை போதும் என்றதும் அவர்தான்.
தேய்த்தேன். ஒரு வாரம் பளிச்.
காரின் முகத்தில் புதினா வாசனை.
எட்டாம் நாள் மஞ்சள் திரும்பி வந்து நின்றது
சீட்டுப் பணம் கேட்க வந்த ஆளைப்போல.

இன்று ஞாயிறு. வாளி, நீலப் பட்டை ஒட்டுநாடா,
நாலு உப்புத்தாள்:
எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம்.
தாளை நனைத்து வைத்த முதல் இழுப்பிலேயே
மஞ்சள் பால் வழிந்து பம்பரில் இறங்கியது.
ஆலையில் பூசிவிட்ட மேல்தோல் அது.
வெயிலை உள்ளே விடாதே என்பது அதற்கிட்ட வேலை.
வேலையைச் செய்துகொண்டேதான் செத்திருக்கிறது.

துடைத்துப் பார்த்தால் முன்னைவிட மோசம்.
ஒரே வெள்ளை.
மோட்டார்சைக்கிள் கழுவ மேலே வந்த ரோஸ்லி
எட்டிப் பார்த்து "ஐயோ" என்றார்.
அது யார் மொழி என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

கை நிற்கவில்லை.
ஒவ்வொரு தாளும்
முந்தின தாளின் கீறலை
இன்னும் சிறிய கீறலால் அழித்தது.
இரண்டாயிரத்தில் பனி.
மூவாயிரத்தில், மெருகுக் களிம்பும் சேர்ந்தபின்,
உள்ளே ஒரு வெள்ளிக் கிண்ணம், பல்பின் கழுத்து,
யாரோ முடுக்கிய ஒற்றைத் திருகு.
பத்து வருஷத்தில் முதல்முறை பார்க்கிறேன் அந்தத் திருகை.

இனிப் பூச்சு. புற ஊதாவைத் தடுப்பது.
நாற்பது நிமிஷம் தண்ணீர் படக்கூடாது.
பூசி முடித்துத் தலை நிமிர்ந்தால்
ஜொகூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது.

சொல்லாமல் மேலே வந்தார் சதாசிவம்,
வங்கியில் இலவசமாகக் கிடைத்த பெரிய குடையோடு.
விளக்குக்குப் பிடித்தார். எங்களுக்கு இல்லை.
"எத்தனை நாள் தாங்கும்?"
"இரண்டு வருஷம்னு டப்பாவில் இருக்கு."
"காருக்கு ஐந்து."
"அப்போ மறுபடி தேய்ப்பேன்."
அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
நாற்பதையும் கடிகாரத்தில் எண்ணிய பிறகே குடையை மடக்கினார்.

ஈரப் பூச்சில் ஒரு கொசு ஒட்டியிருந்தது, கால்கள் விரிந்து.
எடுத்தால் தடம் விழும். விட்டுவிட்டேன்.
இரவு சாவியைத் திருப்பியதும்
எதிர்ச்சுவரில் இரண்டு வட்டம்:
ஒன்று வெள்ளை, ஒன்று மங்கல்.
இப்போது இடப்பக்கம்தான் கிழடு.
அதற்கு அடுத்த ஞாயிறு.
வெள்ளை வட்டத்தில் கொசுவின் நிழலைத் தேடினேன்.
இல்லை.

விடிந்து திரும்பியதும்
மூன்று முறை முன்னும் பின்னும் போய்
பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினேன்.
இத்தனை வருஷம் தோன்றவேயில்லை.
சாயங்கால வெயிலைப் பின்விளக்குகள் பார்த்துக்கொள்ளட்டும்.
அவை முதலிலேயே சிவப்பு.